கரப்பனாருக்கு ஓர் இடுப்பு

மே 4

கல்லூரி முழுக்கப் பூச்சி மருந்து அடிக்கிறார்கள். அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருகிறது. வருகிறவர்கள் கண்ணில் ஒரு கரப்பான்கூடப் படக் கூடாது என்பது முதல்வரின் உத்தரவு. என் ஆய்வகத்தில் இருக்கும் நாற்பது சொச்சம் கரப்பான்களும் ஆராய்ச்சிக்கானவை என்று நேரில் போய் விளக்கினேன்.

"ஆராய்ச்சிக் கரப்பான் எது, கேன்டீன் கரப்பான் எதுன்னு மருந்துக்குத் தெரியாது லிங்கம்" என்றார்.

ஆகவே அவற்றைப் பெட்டியோடு ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் காற்றோட்டத் துளைகளைப் பார்த்துவிட்டு, "நாய்க்குட்டியா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன ஜாதி என்றார். நல்லவேளை, பச்சை விழுந்துவிட்டது.

பெட்டி இப்போது மாடி அறையில், என் மேசைக்கு அடியில், பழைய போர்வைக்குள் இருக்கிறது. ஆவுடைக்குத் தெரியக் கூடாது. கீழே முன்னறையில் அவளுடைய பிசியோதெரபி கிளினிக் நடக்கிறது. மருத்துவம் நடக்கும் வீட்டில் கரப்பான் வளர்ப்பதை எந்த மனைவியும் ஒப்புக்கொள்ள மாட்டாள். தவிர, இப்போது ஒப்புதல் கேட்கவும் வழியில்லை. சென்ற மாதக் கடைசியிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. காரணம் சிறியது. அதை எழுதி இந்தப் பக்கத்தை வீணாக்க வேண்டாம்.

வீட்டு நிர்வாகம் தடைப்படவில்லை. ஆவுடையின் அப்பா பிரமநாயகம் மாமா தை மாதத்திலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். செய்திகள் அவர் வழியாகப் போய் வருகின்றன. காதில் மிஷின் வைத்திருப்பதால் ஒவ்வொரு செய்தியும் இரண்டு முறை போகும்.

மே 5

பெட்டி பத்திரம். கரப்பான்களும் பத்திரம். நான் சரியாகத் தூங்கவில்லை.

மே 7

இன்று வெளிப்படிக்கட்டில் சோதனை. தோல்வி.

என்றாவது யாராவது இதைப் படித்தால் புரியட்டும் என்று விளக்கி வைக்கிறேன். சக்கரம் சமதளத்தில் வேகமாக ஓடும். தன் பாதி உயரத்துக்கு ஒரு கல் குறுக்கே வந்தால் நின்றுவிடும். கால் எதன் மீதும் ஏறும். ஆனால் ஆறு காலையும் தனித்தனியாக அசைக்க ஒரு கூடை மோட்டார் வேண்டும். சக்கரத்தின் வட்டத்தை அறுத்தெறிந்துவிட்டு நடுவிலிருந்து நீளும் மூன்று ஆரங்களை மட்டும் விட்டுவைத்தால் என்ன ஆகும்? சுற்றும்போது அது சக்கரம். கல் வந்தால் ஒரு ஆரம் மேலே விழுந்து பற்றிக்கொள்ளும்; அப்போது அது கால். அப்படி ஆறு பொருத்தி, ஒரே மோட்டாரில் ஓட்டுவதுதான் என் திட்டம். கரப்பானைப் போல எந்த நேரமும் மூன்று கால் தரையில் இருக்கும், மூன்று கால் முன்னேறும். முன்னங்கால்களில் ஒன்று தடையில் மாட்டினால், உள்ளே இருக்கும் சுருள்வில் வளைந்து கொடுத்து மற்றதும் வந்து சேரும்வரை காத்திருக்கும். பிறகு இரண்டும் சேர்ந்து பிடித்து உடம்பைத் தூக்கும். இடிந்த கட்டடங்களுக்குள் கேமராவோடு புகுந்து ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பதற்கான இயந்திரம் இது. திட்ட அறிக்கையில் இதன் பெயர் இரண்டு வரி. மாமா சூட்டிய பெயர் கரப்பனார்.

மாமா படிக்கட்டின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசில் ஊதிப் பச்சைத் துண்டை அசைத்தார். கரப்பனார் புறப்பட்டார். முதல் படியின் விளிம்பைப் பிடித்தார். ஏறினார். மூக்கு வானத்தைப் பார்க்க ஒரு கணம் நின்றார். அப்படியே மல்லாந்து விழுந்து, காலெல்லாம் காற்றில் சுழலக் கிடந்தார்.

"வண்டி கவுந்துட்டு மாப்ள" என்றார் மாமா, நான் பார்க்காதது போல.

இருபத்தாறாம் தேதி ரிவ்யூ. நிதிக் குழுவின் முன்னால் இதை ஓட்டிக் காட்ட வேண்டும். படி ஏறவில்லை என்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

மே 9

கரப்பான்களுக்குத் தண்ணீர் கிண்ணத்தில் வைத்தால் மூழ்கிவிடும். நனைத்த பஞ்சு வைக்க வேண்டும். நேற்று மாற்ற மறந்துபோனேன். இன்று பார்த்தால் பஞ்சு ஈரமாகவே இருக்கிறது. கத்திரி வெயிலிலும் ஈரம் காயவில்லை. போர்வை ஆவியாதலைத் தடுக்கிறது போலும். குறித்துக்கொண்டேன்.

பெட்டியின் மேல் விளிம்பில் வாஸ்லைன் தடவினால்தான் அவை வழுக்கிக் கீழே விழும். கிளினிக் அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்துப் பயன்படுத்துகிறேன். வேண்டிய மட்டும் எடுத்தும் டப்பா குறையவில்லை. நல்ல கம்பெனி.

மே 11

கரப்பான் ஏறுவதைப் படம் எடுத்தேன். இரண்டு செங்கல் அடுக்கி, நொடிக்குப் பல நூறு படம் எடுக்கும் கேமராவை வைத்து, ஒன்றை ஓடவிட வேண்டும். எடுத்து ஓடவிடுவதுதான் கஷ்டம். ஆறு வருடமாகக் கரப்பானைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ஆனால் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. அருவருப்பு என்று சொல்ல முடியாது. தூரத்து மரியாதை. சமையலறையிலிருந்து இடுக்கி எடுத்து வந்து சமாளித்தேன்.

சாயங்காலம் கீழே போனபோது சமையலறையில் புது இடுக்கி தொங்கியது. பழையதை யாரும் தேடவில்லை.

சாப்பிடும்போது ஆவுடை மாமாவிடம், "கோயம்புத்தூர்லருந்து மறுபடி ஃபோன் பண்ணாங்கப்பா. மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம்" என்றாள். மாமா என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன்.

சரி, எழுதிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கொடுக்கிறார்கள். விபத்தில் அடிபட்டவர்களை மீண்டும் நடக்க வைக்கும் பிரிவுக்கு அவள்தான் தலைமை. ஏப்ரல் கடைசியில் கடிதம் வந்தது. அதை என் மேசையில் வைத்து, "நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டாள். "ரிவ்யூ முடியட்டும்" என்றேன். அவ்வளவுதான். இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. ரிவ்யூ முடிய வேண்டும்தானே.

மே 12

கல்லூரியில் தேர்வுத்தாள் திருத்தம். ஒரு பையன் வெப்ப இயக்கவியல் கேள்விக்குப் பதிலாகத் தன் ஊர்க் கோயில் கொடை விழாவைப் பற்றி எழுதியிருந்தான். வில்லுப்பாட்டு நடக்கும் இடம் நன்றாக வந்திருந்தது. மதிப்பெண் போட வழியில்லை.

வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் நேற்றைய படம் வேறு இடத்தில் நின்றிருந்தது. கரப்பான் செங்கல் உச்சிக்கு வந்து, முன் உடம்பை முன்பக்கமாக மடக்கிக் கீழே இறக்கும் இடம். நான் அங்கே நிறுத்தியதாக நினைவில்லை. மின்சாரம் போய் வந்திருக்கும்.

மே 13

கரப்பனார் மீண்டும் மல்லாந்தார். எடையை முன்னால் மாற்றினேன், ஏறவே இல்லை. பின்னால் மாற்றினேன், இன்னும் சீக்கிரம் மல்லாந்தார்.

இரவுச் சாப்பாட்டில் மாமா முழு விபத்து அறிக்கையும் சமர்ப்பித்தார். ஆவுடை அவர் தட்டில் தோசையை வைத்துக்கொண்டே சொன்னாள்: "இடுப்பு மடங்காத மனுசனால கட்டில்லருந்தே எந்திரிக்க முடியாதுப்பா. இது படி ஏறணுமாம்."

மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்ள, இடுப்பு மடங்காத மனுசன்..."

"கேட்டுச்சு மாமா."

மே 14

இன்று காலை குளிக்கும்போது எனக்கு ஓர் அருமையான யோசனை தோன்றியது. கரப்பனாரின் உடம்பு ஒரே பலகை. அதை நடுவில் இரண்டாக வெட்டி ஒரு மூட்டு வைத்தால் என்ன? ஏறத் தொடங்கும்போது முன்பாதி மேலே வளைந்து உயரமான விளிம்பைப் பிடிக்கும். உச்சிக்கு வந்ததும் கீழே மடங்கும், முன்னங்கால்கள் தரையைத் தொடும், மல்லாக்க விழாது. இத்தனை நாள் இது எனக்குத் தோன்றாதது ஆச்சரியம். குளியலறையில் மூளை நன்றாக வேலை செய்கிறது.

மே 15

நுங்கு வாங்கி வந்தேன். ஆவுடைக்குப் பிடிக்கும். மாமாவிடம் கொடுத்து, "வெயிலுக்கு நல்லதுன்னு சொல்லுங்க" என்றேன். பாதியைத் தோல் சீவி ஒரு கிண்ணத்தில் போட்டு மாடிப்படியில் வைத்திருந்தாள். எனக்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மே 18

நான்கு நாளாக மேலப்பாளையம் லேத்துப் பட்டறையில் குடியிருப்பு. பட்டறைக்காரர் காஜா மைதீன் பாய் வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "நல்லா இருந்ததை எதுக்கு சார் ரெண்டா வெட்டச் சொல்லுதீங்க?" என்றார். ஏறுவதற்கு என்றேன். "வெட்டுனா இறங்கத்தானே செய்யும்" என்று சொல்லிக்கொண்டே வெட்டினார். வேலை சுத்தம்.

மூட்டைத் தனியாக ஒரு சிறு மோட்டார் அசைக்கிறது. எப்போது மேலே, எப்போது கீழே என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கரப்பான் படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்.

மாமாவுக்கு மருந்துச் சீட்டு, கேஸ் புக்கிங், மாடித் தொட்டி மிதவை. எல்லாம் இன்று செய்தேன். இதையும் பதிவு செய்கிறேன். நான் வீட்டுக் காரியமே பார்ப்பதில்லை என்று மாமா வழியாக ஒரு குறிப்பு வந்திருந்தது.

மே 20

ஏறிவிட்டார்.

முதல் படி, இரண்டாம் படி. இரண்டாம் படியின் உச்சியில் இடுப்பை மடக்கிக் குனிந்ததைப் பார்க்க, வயதானவர் யாரோ கோயில் வாசற்படியைத் தொட்டுக் கும்பிடுவது போல இருந்தது. மூன்றாம் படியில் மூட்டு மோட்டார் சூடாகிப் புகை வந்தது. இருந்தாலும் ஏறிவிட்டார். மாமா விசிலை விட்டுவிட்டுக் கையைத் தட்டினார்.

கிளினிக் ஜன்னல் திரை அசைந்தது. உள்ளே நோயாளி யாராவது காற்றுக்காக விலக்கியிருக்கலாம்.

மே 21

 

காலையில் புது மோட்டாரை மாட்டும் அவசரத்தில் பெட்டியை மேசைக்கு அடியிலிருந்து இழுத்து மாடிப்படி ஓரமாக வைத்தேன். மூடியைச் சரியாக அழுத்தவில்லை. கரப்பனாரைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது என் கால் பட்டது. பெட்டி ஒவ்வொரு படியாக உருண்டு கீழே போய், முன்னறைக் கதவில் மோதியது. கதவும் திறந்தது, பெட்டியும் திறந்தது.

உள்ளே அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், கழுத்து வலிக்காகத் தாடையில் பட்டி கட்டி, எடை தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் திருப்ப முடியாது. அவருக்கு எதிர்ச் சுவர்தான் தெரியும். அந்தச் சுவரில்தான் முதல் கரப்பான் ஏறியது.

நான் இறங்கி வந்து கதவுக்கு உள்பக்கமாக நின்றேன். ஓடிப் பிடிக்க வேண்டும் என்று மூளை சொன்னது. கால் கேட்கவில்லை. கையில் இடுக்கியும் இல்லை.

ஆவுடை கதவைச் சாத்தினாள். அந்த அம்மாவிடம், "கண்ணை மூடி நூறுலருந்து பின்னாடி எண்ணுங்க, கழுத்துக்கு நல்லது" என்றாள். அவர் எண்ணத் தொடங்கினார். ஆவுடை புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குனிந்து, ஒவ்வொன்றாகக் கையால், ஆம், வெறும் கையால், முதுகின் இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பிடித்துப் பெட்டிக்குள் போட்டாள். பூப் பறிப்பது போல. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அசையாதீங்க. காலர்ல ஒண்ணு இருக்கு."

மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை இது. எனக்குச் சந்தோஷப்படுவதா கத்துவதா என்று தெரியவில்லை. அவள் கை என் கழுத்துப் பக்கம் வந்து, அதை எடுத்துக்கொண்டு போனது.

சாப்பாட்டு வேளையில் பழையபடி மாமா வழியாகத்தான் பேசினாள். "இவ்வளவு நாளும் அதுகளுக்குக் கேரட்டு வெட்டிப் போட்டது யாரு, பஞ்சு நனைச்சது யாருன்னு நினைச்சாங்களாம், கேளுங்கப்பா."

"ஆவியாதல் குறைவுன்னு நினைச்சேன் மாமா."

மாமா அதைச் சொல்லவில்லை. மிஷினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் பேசினாளே, அது கணக்கில் சேராதா என்று பிறகு மாமாவிடம் தனியாகக் கேட்டேன். "ஆபத்து நேரத்துல கார்டு யார்கூட வேணும்னாலும் பேசலாம். அது சட்டத்துல இருக்கு" என்றார்.

மே 22

மாமாவுடன் நடைக்குப் போனேன். அவள் எதற்கு மாடி அறைக்குப் போனாள் என்று கேட்டேன். கரப்பான் இருப்பது தெரிந்தபின் போனாளா, போனதால் தெரிந்ததா?

"நீங்க காலேஜுக்குப் போனதும் தெனமும் அங்கன போய் உங்க நாக்காலில உக்காந்திருப்பா. பேசாம இருக்க ஆரம்பிச்ச நாள்லருந்தே. கேட்டா, மேல நல்லா காத்து வருதுங்கா."

மாடி அறையில் காற்றே வராது. மேற்குப் பார்த்த ஜன்னல், அடுத்த வீட்டுச் சுவர். இதை மாமாவிடம் சொன்னேன். அவர் நடையை எட்டிப் போட்டார்.

ஏன் அங்கே போய் உட்கார வேண்டும்?

மே 24

கரப்பனார் எல்லாப் படியும் ஏறி மாடிக்கு வந்தார். இறங்கத் தெரியவில்லை. தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

மே 26

ரிவ்யூ.

விதிப்படி செங்கல், கருங்கல், உடைந்த சிமென்ட் துண்டுகளைக் கொண்டு அரங்கில் ஓர் இடிபாடு அமைத்திருந்தார்கள். குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் பேரிடர் மீட்புப் பணியில் வருடக்கணக்கில் இருந்தவர். இதுவரை வந்த எந்த இயந்திரத்தையும் அவர் பாராட்டியதில்லை என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். பார்வையாளர் வரிசையில் மாமா. வர வேண்டாம் என்று சொல்லியும் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டு வந்துவிட்டார். விசிலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன்.

கரப்பனார் புறப்பட்டார். முதல் கல்லில் ஒரு கால் மாட்டியது. சுருள்வில் வளைந்தது, அடுத்த கால் வந்து சேர்ந்தது, இரண்டும் சேர்ந்து அழுத்தின. ஏறினார். உச்சியில் மூக்கு மேலே போனது. இந்த இடத்தில் நான் மூச்சு விடவில்லை. இடுப்பு மடங்கியது. முன்னங்கால்கள் அந்தப் பக்கம் விழுந்து பற்றின. இடிபாட்டைக் கடந்து, நிறுத்தச் சொல்லியும் நிற்காமல், மேடைப் படியில் ஏறி, அம்மையாரின் கைப்பையின் மீதும் ஏறி, அங்கே ஒருமுறை இடுப்பை மடக்கிக் குனிந்துவிட்டு நின்றார்.

அம்மையார் பையை எடுக்கவில்லை. "இந்த நடு மூட்டு உங்க முதல் அறிக்கைல இல்லையே. எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

குளியலறை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "என் மனைவி சொன்னாங்க" என்று வந்துவிட்டது.

"அவங்களும் எஞ்சினியரா?"

"இல்லம்மா. பிசியோதெரபிஸ்ட். எந்திரிக்க முடியாதவங்களை எந்திரிக்க வைக்கிறவங்க."

"அவங்க பேரு இதுல எங்கயும் இல்லையே."

சேர்த்துவிடுகிறேன் என்றேன். எங்கே சேர்ப்பது என்று கேட்டார். என் பெயருக்குப் பக்கத்தில் என்றேன். பின்வரிசையில் மாமா யாரிடமோ, "எம் மகதான்" என்று சொன்னது, காது மிஷின் வைத்திருப்பவர்கள் பேசும் சத்தத்தில், எல்லாருக்கும் கேட்டது.

இன்னொரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். உண்மையான இடிபாட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

முதலில் ஆவுடையிடம்தான் சொல்ல வேண்டும் என்று ஸ்கூட்டரை விரட்டினேன். நான் ஓட்டிய ஓட்டத்தில் மாமா பின்னால் சிவ சிவா சொல்லிக்கொண்டே வந்தார். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். நான் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாயசம் இருந்தது. அது எங்கள் புறப்பாட்டுக்கு முன்பே வைத்தது என்று பிற்பாடு தெரிந்தது.

மே 27

ரிவ்யூ முடிந்துவிட்டது.

அதாவது, நான் சொன்ன தவணையும் முடிந்துவிட்டது. அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நான் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மின்விசிறி துடைத்தேன். கரப்பான்களைக் கல்லூரிக்குத் திருப்பி அனுப்பக் கடிதம் எழுதினேன். மூன்றும் ஒரே காலையில் முடிந்துபோனதால் மாமாவிடம் போனேன்.

"மாமா, அவகிட்ட சொல்லிருங்க. கோயம்புத்தூருக்கு..."

மாமா கையை உயர்த்தி நிறுத்தினார். மிஷினைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பேட்டரி தீந்துட்டு மாப்ள. நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார்.

பேட்டரி நேற்றுத்தான் நான் மாற்றினேன்.

மே 28

சாயங்காலம் கிளினிக்கில் போய் டோக்கன் எடுத்தேன். வீட்டில் எங்கே போனாலும் அவளுக்கு ஏதோ வேலை இருக்கிறது. கிளினிக்கில் மட்டும்தான் வரிசைப்படி கூப்பிட்டு, உட்காரவைத்து, கேட்டாக வேண்டும். ஒரு பக்கம் முழங்கால் வலிக்காரர். இன்னொரு பக்கம் அதே அஞ்சலக அம்மா. "உங்களுக்கு என்ன சார்?" என்றார். யோசித்துவிட்டு, மூட்டுப் பிரச்சினை என்றேன்.

கடைசியாக என்னைக் கூப்பிட்டாள்.

"உக்காருங்க. எங்க வலி?"

"வலி இல்ல. பதில் ஒண்ணு சொல்லணும்."

"வலது கையைத் தூக்குங்க."

தூக்கினேன். தோளைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு மாதமாகக் குனிந்தே வேலை செய்திருக்கிறேன். அது கல்லாக இருந்தது.

"கோயம்புத்தூருக்குப் போ ஆவுடை" என்றேன். "நல்ல வேலை. உனக்குன்னே இருக்க வேலை. எனக்கு இங்க ஒரு வருசம் இருக்கு. அப்புறம் நானும் அங்க தேடுதேன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறுனா சனிக்கிழமை உங்கூட இருக்கலாம்."

அவள் விரல்கள் தோளில் ஒவ்வொரு முடிச்சாகத் தேடிக்கொண்டிருந்தன.

"இதைச் சொல்லவா ஒரு மாசம்?"

"நீ போனப்புறம் இந்த வீடு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாக்கவே பிடிக்கல. பிடிக்கலன்னு சொன்னா நீ போகாம இருந்துருவியோன்னும் இருந்துச்சு. அதான் ரிவ்யூன்னு ஒண்ணைச் சொன்னேன்."

எழுதும்போது எளிதாக இருக்கிறது. சொல்லும்போது அப்படி இல்லை.

"நான் பதினாலாந்தேதியே அவங்களுக்கு வாறேன்னு எழுதிட்டேன்" என்றாள்.

"அப்போ நான் சொல்லுததுக்கு என்ன இருக்கு? எதுக்கு என்கிட்ட கேட்ட?"

"போகவா வேண்டாமான்னா கேட்டேன்? நீங்க என்ன சொல்லுதீங்கன்னு கேட்டேன். அது வேற, இது வேற."

இந்த வித்தியாசம் எனக்கு உண்மையிலேயே தெரியாது. நாற்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டை மடித்தாள். அதே துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். எனக்கு மட்டும்தான் பயம் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

"கையை இறக்குங்க" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. அப்போதுதான் கவனித்தேன், இவ்வளவு நேரமும் கையைத் தூக்கியபடியேதான் பேசியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வெளியே மாமா, மிஷின் இல்லாமலே, "என்னளா சிரிப்பு?" என்று கேட்டார்.

மே 29

கரப்பான்களைக் கல்லூரியில் விட்டுவிட்டு வந்தேன். பெட்டியை ஆவுடைதான் மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தாள். அதே சிக்னல். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மே 31

காலை பஸ்ஸுக்குப் புது பஸ் ஸ்டாண்டு போனோம். மாமா என்னோடு இருப்பதாக முடிவு செய்திருக்கிறார். மகள் வீட்டில் இருப்பது வழக்கம்தான், மருமகன் வீட்டில் தனியாக இருப்பது எந்த ஊரிலும் இல்லை என்று அவரே சொன்னார்.

ஆவுடை ஜன்னலோர இருக்கையிலிருந்து கடைசி நிமிடம்வரை உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு உப்புக் குறைத்துப் போட வேண்டும். மாவு கடையில் வாங்க வேண்டாம். தோளுக்குச் சொன்ன பயிற்சி தினமும். எல்லாம் நேராக என்னிடம். மாமா பக்கத்தில் நின்று, பழக்கத்தில் ஒவ்வொன்றையும் எனக்குத் திருப்பிச் சொன்னார்.

பஸ் திரும்பி மறைந்ததும் எனக்குச் சரியாக எதுவும் தெரியவில்லை. வெயில் கண்ணில் அடித்தது. மாமாவுக்கும் அப்படித்தான் போல. இரண்டு பேரும் ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

ஜூன் 1

வீடு எதிர்பார்த்தது போலத்தான் இருக்கிறது. மாமா செய்த உப்புமாவை எழுத்தில் விவரிக்க வேண்டாம்.

ஜூன் 3

எழுத நேரமில்லை. ஆவுடையும் நானும் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தோம்.